கடலோர உவர் வயலில் ஒரே ரகமா, நாலு ரகமா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கிழக்குச்செய் எழுதியது:

வணக்கம். உப்பூருக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையில் எங்களுக்கு ஐந்து ஏக்கர். மூன்று ஏக்கர் கண்மாயை ஒட்டி, மடைத் தண்ணீர் ஓரளவு ஒழுங்காக வரும். மீதி இரண்டு ஏக்கர் கடைமடை, கடலைப் பார்த்த பக்கம், உவர் பூக்கும். அப்பா சில வருடங்களாக ஐந்துக்கும் ஆர்.என்.ஆர். என்ற சன்ன நெல் ரகம் மட்டும்தான் விதைக்கிறார். புரட்டாசியில் புழுதி விதைப்பு, தையில் அறுப்பு, கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தால் பணம் வங்கியில். சுலபம், அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் அந்த இரண்டு ஏக்கர்தான். மழை நின்று பதினைந்து நாள் இடைவெளி விழுந்தால் போதும், நுனி கருகி, திட்டுத்திட்டாகச் செத்து, மூன்றில் ஒரு பங்கு கூட தேறாது. ஊரில் மற்றவர்களுக்கு விளைந்துவிடுவதால் காப்பீடும் வருவதில்லை. (அதைப் பற்றியும் யாராவது விளக்கினால் நல்லது.)

காரைக்குடியில் இருக்கும் மாமா ஐந்து ஏக்கரிலும் கருப்புக் கவுனி போடச் சொல்கிறார், கடையில் கிலோ 150, 200 என்று விற்கிறதாம். அப்பா கேட்டதும் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். இன்னொரு பக்கம் சமூக ஊடகத்தில் பார்த்தால் ஆளாளுக்குப் பத்து ரகம், இருபது ரகம் என்று வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் வருமானம் வருகிறதா, வந்தால் நெல்லிலா, அரிசியிலா, விதையிலா, வீடியோவிலா என்று யாரும் சொல்வதில்லை.

என் கேள்வி இதுதான். எங்களைப் போல மழையை நம்பிய கடலோரச் சம்சாரிக்குப் பல ரகம் போடுவது காசுக்குக் கட்டுப்படியாகுமா? பாரம்பரியம், ஆரோக்கியம் எல்லாம் எனக்கும் பிடிக்கும், இப்போதைக்கு ரூபாய்க் கணக்கு மட்டும் போதும்.

புழுதிக்கால் எழுதியது:

தம்பி, மாமா பேச்சைக் கேட்காதீர்கள். கவுனி நல்ல நெல்தான், செட்டிநாட்டு விருந்தில் கவுனி அரிசி இனிப்பு இல்லாமல் பந்தி நிறையாது. ஆனால் அது 140, 150 நாள் பயிர். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டு மழையே சராசரியாக 827 மி.மீ., அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் விழும். செப்டம்பர் நடுவில் விதைத்தால் கவுனி கதிர் வாங்குவது ஜனவரியில். அப்போது உங்கள் கடைமடைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? நெல் உப்பைத் தாங்காத பருவம் இரண்டு: ஒன்று இளம் நாற்றாக இருக்கும்போது, இன்னொன்று கதிர் உருவாகிப் பூக்கும்போது. மழை நின்று ஈரம் வற்றினால் மண்ணில் இருக்கிற உப்பு அப்படியே திரண்டு வேருக்கு வரும். அந்த நேரத்தில் பூக்கிற ரகத்தைக் கடலோரத்தில் போடுவது பணத்தைக் கடலில் கரைப்பதுதான்.

அதற்குப் பதில் சிவப்புச் சித்திரைக்கார் என்ற பாரம்பரிய நெல் 110 நாளை ஒட்டி வந்துவிடும். அதே செப்டம்பர் நடுவில் விதைத்தால் டிசம்பர் முதல் வாரத்தில் பூ, மழைக்குள்ளேயே வேலை முடிந்தது. திருப்புல்லாணி, முதுகுளத்தூர் பக்கமெல்லாம் இது இன்றும் வயலில் இருக்கிறது என்றால் பழமை மேல் பாசத்தால் இல்லை, நின்று விளைகிறது, அவ்வளவுதான். நொறுங்கன், நூற்றிப்பத்து, குழியடிச்சான் என்று நம் பக்கத்து ரகங்கள் வேறும் உண்டு. முதல் இரண்டும் வறட்சியைத் தாங்குவதற்குப் பேர் போனவை, குழியடிச்சான் உப்பைத் தாங்குவதற்கு.

சரி, ரூபாய்க் கணக்கு. நான் போடுகிற கணக்கைச் சொல்கிறேன், உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆர்.என்.ஆர். நல்ல வருடத்தில் ஏக்கருக்கு 14 குவிண்டால் என்று வையுங்கள். 2025-26 பருவத்துக்குக் கொள்முதல் நிலைய விலை சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். 35,630 வரும். உழவு, விதை, உரம், களைக்கொல்லி, மருந்து, அறுப்பு, ஏற்றுக்கூலி எல்லாம் 23,000 ஆகிறது. மிச்சம் 12,500 சொச்சம். கெட்ட வருடத்தில் 5 குவிண்டால்தான், செலவு மட்டும் குறையாது, ஏனென்றால் உரமும் மருந்தும் கார்த்திகைக்குள் போட்டு முடித்திருப்பீர்கள். பத்தாயிரம் நட்டம்.

சித்திரைக்கார் நல்ல வருடத்தில் எட்டரை குவிண்டால். நெல்லாகவே கிலோ 25-க்குக் கொடுத்தால் 21,250. செலவு 14,000, ஆட்டுக்கிடை போட்டு ஒரு அடியுரம் அவ்வளவுதான், மேலுரம் கிடையாது. மிச்சம் ஏழாயிரம். கெட்ட வருடத்தில் 6 குவிண்டால், 15,000 வரும், ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இப்போது எத்தனை வருடத்துக்கு ஒரு முறை கெடுகிறது என்பதுதான் எல்லாம். கண்மாய்ப் பக்கம் ஐந்து வருடத்துக்கு ஒன்று கெட்டால் ஆர்.என்.ஆர். ஆண்டுக்குச் சராசரி 8,000 தருகிறது, சித்திரைக்கார் 5,800. அங்கே அப்பா செய்வது சரி, தொடாதீர்கள். மூன்றில் ஒன்று கெட்டால் இரண்டும் 5,000, சமம். இரண்டில் ஒன்று கெட்டால் ஆர்.என்.ஆர். 1,250-க்கு இறங்கிவிடும், சித்திரைக்கார் 4,000-இல் நிற்கும். உங்கள் கிழக்குச் செய், அதாவது அந்தக் கடைமடை இரண்டு ஏக்கர், எந்தக் கணக்கு என்று அப்பாவைத்தான் கேட்க வேண்டும், அவருக்கு எந்த வருடம் எது கருகியது என்று நினைவிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சராசரி சமமாக இருந்தால்கூட நம் ஆட்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. பத்தாயிரம் நட்டம் என்றால் நகை அடகுக்குப் போகும், அதற்கு வட்டி, அடுத்த வருட உழவுக்குக் கைமாற்று, அதற்கும் வட்டி. மேலே நான் போட்டதில் வட்டி சேரவில்லை.

கேப்பைக்கூழ் எழுதியது:

அண்ணே, கிலோ 25 என்று எளிதாக எழுதிவிட்டீர்கள். யார் வாங்குவார்? கொள்முதல் நிலையத்தில் சன்னம், பொது என்று இரண்டு விலைதான், சித்திரைக்காருக்கு என்று தனி விலை கிடையாது. தனியார் வியாபாரி முதல் வருடம் 30 கொடுப்பார், அடுத்த வருடம் நாலு பேர் விளைவித்துவிட்டால் 18 கேட்பார். கவுனிக்கும் இதுதான் நடந்தது, விலை ஏறியதும் தண்ணீர் இருக்கிற பக்கமெல்லாம் போட்டார்கள், விதை விற்றவர்கள் சம்பாதித்தார்கள், நெல் விளைவித்தவர்கள் மூடையை வீட்டில் அடுக்கி வைத்தார்கள்.

உப்புதான் பிரச்சினை என்றால் ஆராய்ச்சி நிலைய ரகமே இருக்கிறதே, திருச்சி 3 களர் நிலத்துக்கு வெளியிட்டதுதானே? வறட்சிக்குப் பரமக்குடி நிலையத்தில் 2009-இல் வந்த அண்ணா 4, நூறு நாளில் அறுக்கலாம். பாரம்பரியம் என்றால் மட்டும்தான் தாங்கும் என்பது ஒரு நம்பிக்கை.

புழுதிக்கால் எழுதியது:

நம்பிக்கை என்று நான் சொல்லவே இல்லை தம்பி. திருச்சி 3 நல்ல ரகம், ஆனால் 135 நாள், காவிரித் தண்ணீர் பாய்கிற களர் நிலத்துக்கு ஏற்றது. கடைமடையில் தை வரை நிற்க வேண்டும். அண்ணா 4 போடலாம், நானும் ஒரு வயலில் போடுகிறேன், பல ரகம் என்றால் பழைய ரகம் மட்டும் என்று யார் சொன்னது? கண்மாய்க்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று, உவருக்கு ஒன்று, அதில் எது அரசு ரகம் எது தாத்தா ரகம் என்பது எனக்குப் பொருட்டில்லை.

விலை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. விற்க முடிகிற அளவுக்கு மேல் போட்டால் கதை முடிந்தது.

வண்டல் எழுதியது:

காப்பீட்டைக் கேட்டிருந்தீர்கள், அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது புரியாமல்தான் கோபம் வருகிறது. பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்புக்கு உங்கள் வயலைத் தனியாக யாரும் அளப்பதில்லை. அறிவித்த பகுதியில், பெரும்பாலும் வருவாய்க் கிராமம், சில வயல்களைத் தேர்ந்து அறுவடைப் பரிசோதனை வைப்பார்கள். அந்தச் சராசரி முந்தைய ஆண்டுகளை வைத்துப் போட்ட உத்தரவாத விளைச்சலுக்குக் கீழே போனால் கிராமத்தில் பதிந்த எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வரும், போகாவிட்டால் யாருக்கும் வராது. சம்பா நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதியை அரசுகள் கட்டுகின்றன.

இதை ரகத்தோடு சேர்த்துப் பாருங்கள். மழை பொய்த்தால் ஊர் முழுவதும் போகும், அப்போது காப்பீடு காப்பாற்றும். உங்கள் கிழக்குச் செய் உப்பில் கருகுவது ஊர்ச் சராசரியில் தெரியவே தெரியாது, கண்மாய் வயல்கள் அதை மூடிவிடும். ஆக, காப்பீடு எட்டாத இடம் சரியாக அந்த இரண்டு ஏக்கர்தான், அங்கேதான் தாங்குகிற ரகம் வேண்டும். அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், நெல் என்றுதான் ஏறும், எந்த ரகம் என்பதற்காகக் காப்பீடு மறுக்க மாட்டார்கள். வறட்சி வருடத்தில் ஊருக்கு இழப்பீடு வந்து உங்களுக்குச் சித்திரைக்காரும் ஆறு குவிண்டால் கிடைத்தால் அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, திட்டத்தின் அமைப்பே அப்படி.

ஒரு வேலை முதலில் செய்யுங்கள். மண்ணை எடுத்து உப்பு அளவு பாருங்கள். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உப்பைக் காட்டும் அளவான மண்ணின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 3 டெசிசைமன்ஸைத் தாண்டினாலே சாதாரண நெல் விளைச்சல் குறையத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறத்தாழ 12 சதவீதம் போகும். உங்களுக்கு 4 என்றால் ஒரு முடிவு, 9 என்றால் எந்த நெல்லும் வேண்டாம், புல் வளர்த்து ஆட்டுக்கு விடுங்கள்.

செவ்வரிசி எழுதியது:

நான் விளைவிப்பதைவிட விற்பதுதான் அதிகம், தேவிபட்டினம் சாலையில் சின்னக் கடை, அதனால் யாரும் சொல்லாத அரவையைப் பற்றிச் சொல்கிறேன். பல ரகத்துக்கு உண்மையான செலவு வயலில் இல்லை, அரவை ஆலையில் இருக்கிறது.

பெரிய ஆலைக்காரர் டன் கணக்கில் ஒரே நெல் வேண்டும் என்பார். எட்டு குவிண்டால் சிவப்பு நெல்லைக் கொண்டு போனால் பார்க்கக்கூட மாட்டார், பார்த்தாலும் முன்னால் ஓடிய வெள்ளை அரிசி நம் மூடையில் கலந்து வரும், நம் சிவப்பு அடுத்தவர் மூடையில் போகும், இரண்டு பக்கமும் சண்டை. சின்ன ஹல்லர் ஆலைகள் ஊருக்கு ஒன்று இருந்த காலம் போய்விட்டது. ரகம் கூடக்கூட, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஊற வைத்து, அவித்து, காய வைத்து, தனியாக அரைத்து, தனி மூடையில் கட்டி, எதில் எது என்று சாக்கில் எழுதி வைக்க வேண்டும். நாலு ரகம் இரண்டு மூடை வீதம் என்றால் கூலி ஒரு ரகம் எட்டு மூடையைப் போல இரண்டு மடங்காவது வரும். பாத்தி பாத்தியாக இருபது ரகம் போடுகிறவர்கள் விதை விற்கிறார்கள், அது வேறு தொழில்.

கணக்கு வேண்டுமென்றால்: 850 கிலோ சித்திரைக்கார், புழுங்கலாக, தவிடு நீக்காமல் அரைத்தால் நூறு கிலோவுக்கு 62 என்று வைத்து 527 கிலோ அரிசி. கிலோ 65-க்கு நேரடியாக விற்றால் 34,000 சொச்சம். அவியல், அரவை, பை, வண்டி, உடைந்தது, எடைக் குறைவு எல்லாம் சேர்த்து ஏழாயிரம் கழியுங்கள், புழுதிக்கால் அண்ணன் சொன்ன 14,000 சாகுபடிச் செலவையும் கழியுங்கள். 13,000 நிற்கும். ஆர்.என்.ஆர். நல்ல வருடத்துக்குச் சமம். அந்த 13,000-இல் உங்கள் வீட்டு ஆட்களின் நாலைந்து மாத அலைச்சல் இருக்கிறது, அதற்கு நான் கூலி போடவில்லை, நீங்கள் போட்டால் பாதி போய்விடும்.

மொத்தமாக அரைத்து வைத்துவிடாதீர்கள். தவிடு போகாத அரிசியில் எண்ணெய் இருக்கிறது, வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காறல் வாடை வந்துவிடும், வண்டும் முதலில் இதைத்தான் தேடி வரும். நெல்லாக வைத்துத் தேவைக்கு அரையுங்கள். உடைந்ததைக் குருணையாகக் கஞ்சிக்கும் புட்டு மாவுக்கும் தனியாக விற்கலாம், நம் பக்கம் சிவப்பரிசிப் புட்டுக்கு ஆள் உண்டு. அவல் இடிக்கத் தெரிந்த மகளிர் குழு பக்கத்தில் இருந்தால் ஒரு பங்கை அவர்களிடம் கொடுங்கள், அவலுக்கு அரிசியைவிட நல்ல விலை.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் தீரும் என்று மட்டும் பையில் அச்சடிக்காதீர்கள், அப்படி விற்கிறவர்களால் எங்களைப் போன்றவர்களுக்கும் கெட்ட பெயர்.

மாட்டுத்தொழு எழுதியது:

இத்தனை ஆம்பளைகள் கணக்குப் போட்டும் வைக்கோலை ஒருவரும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் நாலு மாடு. ஆர்.என்.ஆர். வைக்கோல் குட்டை, சித்திரைக்கார் வைக்கோல் ஆள் இடுப்புக்கு மேலே வரும், மாடும் விரும்பித் தின்னும். சித்திரைக்கார் போடாத வருடம் சித்திரை, வைகாசியில் வைக்கோல் கட்டு விலைக்கு வாங்குகிறோம், போட்ட வருடம் வாங்குவதில்லை, அதுவும் வரவுதானே? களையும் குறைவு, பயிர் உயரமாகி நிழல் கட்டிவிடுவதால் ஒரு களை எடுப்பு மிச்சம்.

கெடுதலும் சொல்ல வேண்டும். காற்று மழையில் சாய்ந்துவிடும். யூரியா போட்டால் நிச்சயம் சாயும், பக்கத்து வயலுக்குப் போட்டதில் மீந்ததை இரண்டு கூடை வீசிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சாய்ந்த பயிரை பெல்ட் மிஷின் அறுக்க ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் எடுக்கும், வாடகை மணிக்குத்தான். ஆள் விட்டு அறுத்தால் வைக்கோல் முழுசாகக் கிடைக்கும், ஆனால் ஆள் எங்கே கிடைக்கிறது, நூறு நாள் வேலை இல்லாத வாரமாகப் பார்த்துச் சொல்லி வைக்க வேண்டும்.

கிழக்குச்செய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக வரும் என்று நினைக்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். கிழக்குச் செய் இரண்டில் ஒன்று கெடுகிறது என்று யோசிக்காமல் சொன்னார், பிறகு 2017-லிருந்து ஒவ்வொரு வருடமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆக இப்போதைக்கு முடிவு: கண்மாய்ப் பக்கம் மூன்று ஏக்கரும் ஆர்.என்.ஆர்., கிழக்கே ஒரு ஏக்கர் சித்திரைக்கார், அரை ஏக்கர் அண்ணா 4, மீதி அரை ஏக்கர் உவர் அதிகம், மண் பரிசோதனை வந்த பிறகு. வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்குமே நாலு குவிண்டால் நெல் போய்விடும், மிச்சத்தை விற்கப் பார்க்கிறோம்.

இரண்டு சந்தேகம். பக்கத்து பக்கத்தில் போட்டால் ரகம் கலந்துவிடாதா? விதை எங்கே வாங்குவது, ஒருவர் கிலோ 90 சொல்கிறார்.

புழுதிக்கால் எழுதியது:

90 கொடுக்காதீர்கள். நெல் ஜெயராமன் பெயரில் அரசு நடத்துகிற மரபுசார் நெல் இயக்கத்தில் மானிய விலைக்கு விதை வருகிறது, வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள், சித்திரைக்கார் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா ரகமும் எல்லா வருடமும் வராது. ஜெயராமன் திருவாரூர் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோ திருப்பித் தர வேண்டும், காசு கிடையாது. அப்படித்தான் நூற்று எழுபதுக்கு மேல் ரகம் பரவியது. 2 கிலோ போதுமா என்றால், புழுதியில் வீசினால் போதாது, நாற்று விட்டு ஒற்றை நாற்றாக நட்டால் 25 சென்ட் தாராளமாக வரும், அதில் விளைவது அடுத்த வருடம் ஒரு ஏக்கருக்கு விதைத்து மிஞ்சும்.

கலப்பு பற்றி: நெல் தன் மகரந்தத்தில்தான் சூல் பிடிக்கும், காற்றில் கலப்பது மிகக் கொஞ்சம். விதைச் சான்று உற்பத்திக்கே 3 மீட்டர் இடைவெளிதான் கேட்கிறார்கள். கலப்பதெல்லாம் அறுவடை மிஷினிலும் களத்திலும் சாக்கிலும்தான். மிஷின் உங்கள் வயலுக்கு வருமுன் எந்த நெல் அறுத்தது என்று கேளுங்கள், முதல் இரண்டு மூடையை விதைக்கு எடுக்காதீர்கள். அதைவிட நல்லது, வயல் நடுவில் விதைக்கு வேண்டியதை மட்டும் கையால் அறுத்துத் தனியாக அடித்துவிடுங்கள். பூக்கும்போது ஒரு நடை, முற்றும்போது ஒரு நடை இறங்கிக் கலவன், அதாவது வேறு ரகச் செடி, பிடுங்குங்கள். சித்திரைக்கார் போட்ட வயலில் அடுத்த வருடம் ஆர்.என்.ஆர். போட்டால் உதிர்ந்த சிவப்பு முளைத்து வந்து கொள்முதல் நிலையத்தில் வம்பாகும், அதனால் எந்த வயலுக்கு எது என்று ஒரு முறை முடிவு செய்தால் மாற்றாதீர்கள்.

என்னிடம் விதை நெல் இருக்கிறது, 30 கிலோ தரலாம். திருவாடானை சந்தை நாளில் வந்தால் சுலபம். காசு வேண்டாம், தையில் 45 கிலோவாகக் கொடுங்கள், ஈரம் காய்ந்ததாக இருக்கட்டும். பயிர் கருகிப்போனால் திருப்பித் தர வேண்டாம்.

கேப்பைக்கூழ் எழுதியது:

ஒன்றுக்கு ஒன்றரையா? அண்ணே, நாலு மாதத்துக்கு ஐம்பது சதவீத வட்டி! தம்பி, வட்டார மையத்தையே முதலில் பாருங்கள்.

புழுதிக்கால் எழுதியது:

கருகிப்போனால் திருப்பித் தர வேண்டாம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 90 ரூபாய்க்கு விற்கிறவர் அதைச் சொல்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கிழக்குச்செய் எழுதியது:

வட்டார மையத்தில் கேட்டேன், தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும்தான் இருக்கிறதாம். அண்ணே, சந்தை நாளில் வருகிறேன், சாக்கு நானே கொண்டு வரவா?

புழுதிக்கால் எழுதியது:

கொண்டு வாங்க. புதுச் சாக்காக இருக்கட்டும், ஆர்.என்.ஆர். கட்டிய பழைய சாக்கு வேண்டாம்.